பாதிக்கப்படாத கிணறு

பிப்ரவரி 3

நாவல்மேடு வந்து சேர்ந்தேன். கம்பெனி கொடுத்த நோட்டில் பாறை, மண், தண்ணீர் மட்டம் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது என்று சேதுராமன் சார் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர்தான் இந்தத் திட்டத்தின் மேலாளர். சென்னையில் ஏசிக்குள் இருக்கிறார். ஆகவே மற்றதெல்லாம் இந்த டைரியில்.

குரோமிய ஆலை மூடி இருபத்தைந்து வருடம் ஆகிறது. முதலாளி ஓடிவிட்டார், கழிவு ஓடவில்லை. மூன்று மாடி உயரத்துக்குக் குவிந்து கிடக்கிறது. மழை பெய்தால் மஞ்சளாக வழிவதால் மஞ்சமேடு என்று பெயர். அதற்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் காலனி. தெற்கே ஒரு கிலோமீட்டர் தள்ளி ஊர். ஆலைக்கு இடம் தேடியவர்கள் காலனிக்குப் பக்கத்தில்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்த நாட்டில் அதற்கெல்லாம் நிலவியல் படிக்க வேண்டியதில்லை.

என் வேலை இரண்டு. விஷத் தண்ணீர் நிலத்துக்கடியில் எந்தப் பக்கம் போகிறது என்று வரைபடம் போடுவது. அதை உறிஞ்சி எடுத்துச் சுத்திகரிக்க எங்கே போர் போட வேண்டும் என்று குறித்துக் கொடுப்பது. இந்த வரைபடத்தை வைத்துத்தான் எந்தக் குடியிருப்பு பாதிக்கப்பட்டது என்றும் அரசு முடிவு செய்யும். பட்டியலில் வருகிறவர்களுக்கு ஆற்றுத் தண்ணீர்க் குழாய்.

பஞ்சாயத்துத் தலைவர் கோதண்டபாணி வீட்டு மாடியில் தங்கல். "வாடகையெல்லாம் வாணாம் தம்பி. உண்மைய எழுதுனா போதும்" என்றார். இப்படிச் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அறை நன்றாக இருக்கிறது. காற்று வருகிறது.

பிப்ரவரி 6

முதல் நாள் அளவீடு. நான்கு இரும்பு முளைகளை வரிசையாக நிலத்தில் அடித்து, பேட்டரியிலிருந்து மின்சாரம் விட்டு, பூமி எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஈரம் விட்டுக்கொடுக்கும், கெட்டிப் பாறை விடாது. ஒயர் இழுக்கக் காலனியிலிருந்து டில்லிபாபு வந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். சின்ன வயதில் அந்த ஆலையில் வேலை செய்தவர்.

சாப்பாட்டு வேளையில் துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவி ஒரு மூக்குத் துவாரத்தில் விட்டு அடுத்த துவாரம் வழியாக வெளியே எடுத்துக் காட்டினார்.

"நடுச்சுவரு இல்ல சார். ஆலை தின்னுடுச்சி. எங்க செட்டுல எல்லாருக்கும் இப்டித்தான். சளி புடிச்சா ஒரே பக்கம் சிந்துனா போதும், ரெண்டும் காலி."

நான் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். சிரித்தேன்.

மாலையில் தேன்மொழி என்பவர் வந்தார். காலனி வார்டு மெம்பர். ஷூ கம்பெனியில் வேலை, இன்று லீவாம். முளையைத் தாண்டி நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"நீங்கதான் கல்லு பாக்குற சாரா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்க கெணத்துத் தண்ணி நல்லதா, கெட்டதா?"

"டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாதுங்க."

"இதுக்கு முன்னாடி வந்தவரும் இதத்தான் சொன்னாரு. பாட்டில்ல புடிச்சினு போனாரு. அவரும் வரல, பாட்டிலும் வரல."

"நான் வருவேன்."

"மூத்தவன் ஆறு வயசுல பூட்டான் சார். கிட்னி. பெரியாஸ்பத்திரி டாக்டரு கேட்ட மொதக் கேள்வியே, எந்தத் தண்ணி குடுக்குறேன்னுதான். அன்னிலேர்ந்து வர்றவங்க எல்லார்கிட்டயும் கேட்டுனுக்கீறேன். கெட்டதுன்னா கொழாய் போடுன்னு சண்ட போடுவேன். நல்லதுன்னா..."

பிறகு, "வெயில்ல நிக்கிறீங்களே" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். பையில் பாட்டில் இருக்கிறது என்றேன். சாம்பிள் எடுப்பதற்கு முன்பே அந்தத் தண்ணீரைக் குடிப்பது முறையல்ல.

பிப்ரவரி 11

இன்று ஒரு பெரிய விஷயம் கிடைத்தது. மஞ்சமேட்டுக்கும் காலனிக்கும் நடுவே பூமிக்கடியில் கருங்கல் சுவர் ஒன்று ஓடுகிறது!

எத்தனையோ கோடி வருடத்துக்கு முன் பூமி பிளந்து, உருகிய பாறை அந்தப் பிளவில் ஏறி அப்படியே உறைந்துபோனது. டைக் என்போம். நம் வீட்டுச் சமையல் மேடைக்கும் சர்ச் கல்லறைக்கும் வெட்டி எடுக்கிற அதே கறுப்புக் கல். பத்துப் பதினைந்து மீட்டர் தடிமன், விரிசலே இல்லை. சரிவு காலனியைப் பார்த்து இருக்கிறது. நியாயமாக மேட்டுத் தண்ணீர் நேராகக் காலனிக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். ஆனால் இந்தச் சுவர் அணைக்கட்டு மாதிரி மறித்து, தேக்கி, தெற்கே திருப்பிவிடுகிறது. தெற்கே ஊர்.

விஷத்தைக் காலனி வாசலில் கொட்டினார்கள். அது இவர்களைத் தொடாமல் சுற்றிக்கொண்டு கொட்ட இடம் காட்டிய ஊருக்கே போயிருக்கிறது. ஒயரை வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். டில்லிபாபு பேட்டரி ஷாக் அடித்துவிட்டது என்று ஓடிவந்தார்.

சுவர் எப்படி நிற்கிறது என்று உறுதியாகப் பார்க்க காலனிப் பக்கம் இன்னொரு கோடு எடுக்கலாம். பேட்டரி இறங்கிவிட்டது, வெயிலும் தாங்கவில்லை. இந்த வட்டாரத்தில் டைக் எல்லாம் செங்குத்தாகத்தான் நிற்கும். வரைபடத்தில் நேராக ஒரு கோடு போட்டேன். அழகாக இருக்கிறது.

பிப்ரவரி 12

பேட்டரி சார்ஜ் ஏறிவிட்டது. அலுவலக வேலை நிறைய. களத்துக்குப் போகவில்லை.

பிப்ரவரி 24

ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. ஊரில் ஏழு கிணறுகள் கெட்டிருக்கின்றன. தலைவர் வீட்டுக் கிணறு அனுமதித்த அளவைப் போல அறுபது மடங்கு. காலனிக் கிணறு சுத்தம். கடையில் பாட்டிலில் அடைத்து விற்கலாம்.

தேன்மொழியிடம் நானே போய்ச் சொன்னேன். ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.

"நல்லாப் பாத்தீங்களா சார்?"

"ரெண்டு தடவ பாத்திருக்காங்க. இப்ப மட்டும் இல்ல, எப்பவுமே நல்லாத்தான் இருந்திருக்கும். அந்தக் கல்லு விடாது."

அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். டிபன் பாக்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"காய்ச்சல் அடிக்கச் சொல்ல நெறையத் தண்ணி குடுன்னாங்க சார். வாணாம் வாணாம்பான். வாயத் தொறந்து ஊத்துவேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "தண்ணி இல்லல்ல? வேற என்னமோதான்."

"தண்ணி இல்ல."

வீட்டுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். வயிறு சரியில்லை என்றேன். காலையிலிருந்தே ஒரு மாதிரி இருந்தது.

இந்த மாதிரி நாளுக்காகத்தான் இந்தப் படிப்பைப் படித்தேன்.

மார்ச் 9

கிராம சபை. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். என் வரைபடத்தைத் துணியில் பெரிதாக அச்சடித்து மரத்தில் கட்டியிருந்தார்கள். பழைய பட்டியலில் மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் காலனியை மட்டும் சேர்த்திருந்தார்களாம், ஊர் இல்லை. அது எனக்கு இன்றுதான் தெரியும். இப்போது அறிவியல் முறைப்படி திருத்திவிட்டார்கள். ஊர் உள்ளே, காலனி வெளியே. "பாதிக்கப்படாத குடியிருப்பு" என்று மைக்கில் வாசித்தார்.

காலனி ஆட்கள் கத்தினார்கள். அதிகாரி மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். நான் எழுந்து சுவரைப் பற்றி விளக்கினேன். யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு தண்ணீர் ஓடுவதில்லை, பாறைக்குச் சாதி தெரியாது என்றேன். இந்த வாக்கியத்தை முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன். ஊர்க்காரர்கள் பலமாகக் கைதட்டினார்கள். யாரைக் குத்துவதற்காகச் சொன்னேனோ அவர்களே கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் தேன்மொழி வந்தார்.

"நல்லா இருந்ததுக்குத் தண்டனையா சார்?"

"தண்டனை இல்லைங்க. உங்களுக்கு நல்ல தண்ணி இருக்கு, அவங்களுக்கு இல்ல."

"நாத்தம் எங்களுக்கு. காத்தடிச்சா துணியெல்லாம் மஞ்சத் தூளு எங்களுக்கு. ஆலையில செத்தவன் எங்க ஆளு. கொழாய் மட்டும் அவங்களுக்கா? ஒரு கல்லு குறுக்க படுத்துனுக்கீதுன்னு எழுதிட்டீங்க. அந்தக் கல்லுக்கு நாங்களா ஓட்டுப் போட்டு நிக்க வெச்சோம்?"

"என் மேப் நிலத்தடித் தண்ணிக்கு மட்டும்தான்."

"அப்ப அடுத்தாப்புல மூஞ்சிக்கு ஒரு மேப் போடுங்க."

"இல்லாததை இருக்குன்னு எழுதச் சொல்றீங்களா?"

போகத் திரும்பியவர் நின்றார். என்னையே பார்த்தார். பிறகு, "வாணாம் சார். பொய் எழுத வாணாம். என் புள்ள விசயத்துல எனக்கு அது நெஜமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உண்மை யாருக்கும் பிடிக்காது. நான் அசைய மாட்டேன்.

ராத்திரி தலைவர் வீட்டில் வடை, பாயசம்.

மார்ச் 10

டில்லிபாபு வேலைக்கு வந்தார். ஒயர் சுற்றிக்கொண்டே கேட்டார்: "சார், என் மூக்கு எந்த மேப்புல வரும்?"

மார்ச் 22

போர் போடும் இடங்களில் நான்காவது இடம்தான் முக்கியமானது. சுவருக்கு மேற்கே, விஷத் தண்ணீர் தேங்கி நிற்கிற இடத்திலேயே குறித்திருந்தேன். அங்கே உறிஞ்சினால் பாதி வேலை முடிந்துவிடும். நிலம் தலைவரின் மச்சானுடையது.

"மச்சான் அங்க மனை போடறான் தம்பி" என்றார் தலைவர். "நட்ட நடுவுல வெசத்தண்ணி போரு நின்னா எவன் வாங்குவான்? கொஞ்சம் நவுத்திக் காலனிப் பொறம்போக்குல போட்டுக்கோங்க. அங்க கேக்க ஆளில்ல."

கேட்க ஆள் இல்லை! இந்த மூன்று வார்த்தையில்தான் நாட்டில் பாதித் தொழிற்சாலை நிற்கிறது. குப்பை, சுடுகாடு, சாக்கடை, கல்குவாரி, எது வந்தாலும் இதே பதில். அவர் முகத்துக்கு நேராகக் கேட்டிருப்பேன், சாப்பாட்டு இலையின் முன்னால் வைத்துப் பேச வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சேதுராமன் சாருக்குப் போன் செய்தேன். சுவருக்குக் கிழக்கே போட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை, அங்கே விஷமே கிடையாது என்றேன்.

"பரணி, மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள ஆறு போர் காட்டலைன்னா நிதி திரும்பிடும். கண்காணிப்புப் போர்னு எழுது. அங்க ஒண்ணும் இல்லன்னு காட்டவும் ஒரு குழி வேணும்ல?"

யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு தர்க்கம் இருக்கிறது. நூறடியில் நிறுத்திவிட்டால் யாருக்கும் கெடுதல் இல்லை. காலனிப் பையன்கள் வாலிபால் ஆடும் இடத்தின் ஓரம். இட மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 28

திருச்செங்கோட்டு வண்டி வந்து நான்காவது போரை முடித்துவிட்டது. தலைவர் பேத்திக்கு இன்று காது குத்து. போகாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள், களத்தில் எல்லாருடனும் உறவு முக்கியம். மாரப்பனிடம் நூறடி என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர்தான் வண்டியின் டிரில்லர்.

பந்தியில் உட்கார்ந்ததும் போன்.

"சார், நூறு ஆச்சுங். எழுபதுல லேசா ஈரங் காட்டுச்சுங், அப்புறம் வெறும் புகையாத்தான் வருதுங்."

"அதான் வேணும். நிறுத்திடுங்க."

"இல்லீங் சார், வண்டி வாங்கி நாலு வருசமாச்சு, ஒரு குழியக்கூடப் புகையோட உட்டுப்போட்டு வந்ததில்லீங். தண்ணி காட்டாம வண்டிய எடுத்தா அடுத்த ஊர்ல ஆவாதுங்கோ. பசங்க ஒத்துக்க மாட்டேங்கறானுங்க. நம்ம கணக்குலயே இன்னுங் கொஞ்சம் போட்டுப் பாத்துக்கட்டுங்களா?"

"இது தண்ணிக்குப் போடற போர் இல்லைங்க."

"போர்னா தண்ணிக்குத்தானுங் சார்?"

பக்கத்தில் மைக் செட். எதிரில் பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. சரி, போட்டுக்கோங்க என்றேன்.

சாயங்காலம் போனபோது திருவிழாவாக இருந்தது. இருநூற்றிருபதடியில் பீய்ச்சி அடித்ததாம். வண்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றி, சூடம் காட்டி, பையன்கள் நனைந்துகொண்டு ஆடினார்களாம். வண்டியை நிறுத்திய பிறகும் தண்ணீர் தானாக மேலே ஏறி வந்து பன்னிரண்டடியில் நிற்கிறது. மாரப்பன் கும்பிட்டார். "நல்ல எடமாப் பாத்துக் குறிச்சிருக்கீங் சார்." குழிக்கு மூடி போட்டுப் பூட்டினோம். தண்ணீர் பீய்ச்சுகிற போட்டோவைச் சேதுராமன் சார் எல்லாருக்கும் அனுப்பினாராம். ஆறும் முடிந்தது.

ஏப்ரல் 4

மாரப்பன் ஆட்கள் பத்தடிக்கு ஒரு பை என்று கல் தூளைப் பிடித்து வரிசையாகக் கட்டி வைத்திருந்தார்கள். இன்றுதான் பிரித்துப் பார்த்தேன். நூற்றுப்பத்தடி வரை சாம்பல் நிறக் கல். அதிலிருந்து நூற்றுத்தொண்ணூறு வரை கன்னங்கரேல் என்று. அதற்குக் கீழே மறுபடியும் சாம்பல். அந்தத் தூள் காய்ந்து லேசாக மஞ்சள் பூத்திருக்கிறது.

இதற்கு ஒரே அர்த்தம்தான். சுவர் செங்குத்தாக நிற்கவில்லை. காலனிப் பக்கமாகச் சாய்ந்து, காலனிக்கு அடியில் போகிறது. நாம் மேலே காலனிப் பக்கத்தில் தொடங்கி, கீழே சுவரைத் துளைத்துக்கொண்டு மறுபக்கத்தில் வெளியே வந்திருக்கிறோம். மறுபக்கத்தில் தேங்கி நின்ற தண்ணீருக்கு அழுத்தம் அதிகம். அதனால்தான் தானாக ஏறி வந்தது. குழிக்குள் குழாயை மேல் மண் சரியாத ஆழம் வரைக்கும்தான் இறக்கியிருக்கிறார்கள், அதுதான் அவர்கள் வழக்கம். கீழே எல்லாம் திறந்து கிடக்கிறது. காலனிக் கிணற்றுக்கு ஊற்று வருகிற விரிசல் எழுபதடியில் அந்தக் குழியைத் தொடுகிறது.

டீ குடித்துவிட்டு வந்து மறுபடியும் பார்த்தேன். பைகளின் எண்கள் மாறியிருக்கலாம். மாறவில்லை.

ஏப்ரல் 5

சேதுராமன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிமென்ட் ஊற்றி உடனே அடைக்க வேண்டும் என்றேன்.

"ஆறு போர்ல தண்ணி பீய்ச்சுனது அது ஒண்ணுதான். மந்திரி டேபிள் வரைக்கும் போட்டோ போயிருக்கு. அத சிமென்ட் ஊத்தி மூடினா ஆடிட்ல என்னப்பா சொல்றது? நீ நினைக்கறது நடக்காமலும் போகலாம்ல?"

போகலாம். நிலவியலில் எதையும் நூறு சதம் சொல்ல முடியாது. கண்காணிப்பது என்று முடிவாயிற்று. அது கண்காணிப்புப் போர்தானே.

காலனிக்குச் சொல்லலாமா என்று யோசித்தேன். உறுதியாகத் தெரியாமல் மக்களைப் பீதிப்படுத்துவது பொறுப்பற்ற செயல்.

ஏப்ரல் 19

காலனிக் கிணற்றுத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருக்கிறது. பார்ப்பதை வைத்துச் சொல்ல முடியாது. சாம்பிள் எடுக்கவில்லை, பாட்டில் தீர்ந்துவிட்டது. சென்னைக்கு எழுதியிருக்கிறேன்.

மே 14

காலையில் டில்லிபாபு ஒரு பெப்சி பாட்டிலோடு மாடிக்கு வந்தார். இதுவரை படி ஏறியதே இல்லை. தலைவர் வீட்டம்மா கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலில் இருந்தது தண்ணீர். வெயிலில் பிடித்தால் மெல்லிய மஞ்சள்.

"கெணறு சார். நேத்திலேர்ந்து."

போனேன். கிணற்றடியில் காலனியே நின்றது. வயதானவர்கள் சிலர் திட்டினார்கள். ஆனால் இளவட்டங்கள் கொண்டாட்டமாக இருந்தார்கள். "சார், நாங்களும் பாஸாயிட்டோம்! லிஸ்டுல போடுங்க" என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். "அறுபது மடங்கு வருமா சார்? தலைவர விட நாலு மடங்காவது கூட இருக்கணும்" என்றான் இன்னொருவன்.

தேன்மொழி சிரிக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு வுடாதுன்னீங்களே சார்."

"டெஸ்ட் பண்ணணும்" என்றேன்.

மே 17

சாம்பிள் முடிவு: நாற்பது மடங்கு.

சேதுராமன் சாரே வந்துவிட்டார். காரிலிருந்து இறங்காமலே பேசினார். நான் என்ன எழுதப்போகிறேன் என்று கேட்டார். நடந்ததை எழுதுவேன் என்றேன். சுவர் இருந்தது, நம் போர் அதைத் துளைத்தது.

"எழுது. தாராளமா எழுது. என்ன ஆகும் சொல்லு? விசாரணை. திட்டம் நிக்கும். மேட்டை அள்ற டெண்டர் நிக்கும். யார் தப்பு, யார் கையெழுத்துன்னு மூணு வருசம் கோர்ட்ல கிடக்கும். அதுவரைக்கும் காலனிக்குக் குழாய் வராது, ஏன்னா அவங்க எந்தப் பட்டியல்னே முடிவாகாது. இப்ப இன்னொண்ணு. ஆரம்பத்துலேர்ந்தே காலனியும் பாதிக்கப்பட்டதுதான், மெதுவாக் கூடிட்டே வந்திருக்கு, முதல் சாம்பிள்ல தெரியலைன்னு திருத்தினா ஒரு மாசத்துல குழாய்."

"அப்போ டைக்?"

"மேப்ல ஒரு கோடு இல்லைன்னா பாறை கோவிச்சுக்குமா?"

"சுவர் இல்லாத மேப்பை வெச்சு அடுத்த கட்டப் போரெல்லாம் எங்க போடுவீங்க? எல்லாம் தப்பான இடத்துல போகும் சார்."

"சரியான இடத்துல போட விட்டாங்களா, இப்ப தப்பான இடத்துல போறதுக்கு?"

கையெழுத்து என்றபோது அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அது பெருந்தன்மைதான்.

மே 18

இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். உண்மையை எழுதினால் லாபம் எனக்கு மட்டும்தான்: நேர்மையானவன் என்று பெயர். பொய்யை எழுதினால் லாபம் நூற்று நாற்பது குடும்பத்துக்கு. என் பெயருக்காக அவர்கள் தண்ணீரைப் பறிப்பது எந்த ஊர் நியாயம்? மார்ச் மாதம் இந்த மக்கள் என்னிடம் கேட்டதும் இதைத்தானே?

கோட்டை எடுத்துவிட்டேன். வரைபடம் கொஞ்சம் காலியாகத் தெரிகிறது. அந்த இடத்தில் வடக்கு திசை காட்டும் அம்புக்குறியை வைத்தேன்.

ஜூன் 2

வேலை நிரந்தரம். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கம்பெனியில் சேர்ந்து ஆறு மாதம் முடிந்தால் எல்லாருக்கும் செய்வார்கள்.

ஜூன் 26

காலனிக் குழாய் திறப்பு விழா. ஒரு மாதம் என்றார்கள், ஏழெட்டு நாள் கூட ஆகியிருக்கிறது. அரசு வேகத்துக்கு இது அதிசயம். தலைவர் ரிப்பன் வெட்டினார். வாழ்நாளில் முதல் தடவையாகக் காலனிக்குள் முழுசாக அரை மணி நேரம் இருந்தார். பழைய கிணற்றின் மேல் கம்பி வலை போட்டு மூடி, மண்டை ஓடு படம் வரைந்த பலகை மாட்டியிருக்கிறார்கள். எனக்கும் ஒரு சால்வை. டில்லிபாபு அதைத் தொட்டுப் பார்த்து, "சால்வ நல்லாக்கீது சார். மூக்கு சிந்த ஆவும்" என்றார். கோபமா, கேலியா, இன்னும் எனக்குப் புரியவில்லை.

கூட்டம் போன பிறகு தேன்மொழி குழாயடியில் நின்றிருந்தார். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. நானே போய்க் குழாயை மூடினேன்.

"சார், ஒண்ணு கேக்கணும். எல்லார் முன்னாடியும் கேக்க வாணாம்னு இருந்தேன்."

"சொல்லுங்க."

"புது ரிப்போட்டுல ஆரம்பத்துலேர்ந்தே எங்க கெணறு கெட்டுத்தான் இருந்துச்சின்னு போட்டுக்கீதாமே. மைக்குல சொன்னாங்க. குழாய் வாங்கறதுக்கோசரம் எழுதுனதா, நெஜமாவே அப்டியா?"

தூரத்தில் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து போய்ப் போர் மூடியின் மேல் மோதி டங்கென்று சத்தம் கேட்டது.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார். எனக்கு மட்டும் தெரியணும்."

இவர் வார்டு மெம்பர். நாளைக்கே கிராம சபையில் எழுந்து கேட்கக்கூடியவர். ஒருவரிடம் சொன்னால் எல்லாரிடமும் சொன்ன மாதிரி. குழாயை மூன்றே நாளில் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் அவர்களுக்காகத்தான் யோசித்தேன்.

"நெஜம்தான். முன்னாடி எடுத்த டெஸ்ட்ல சரியாத் தெரியல. எப்பவுமே கொஞ்சம் இருந்திருக்கு."

"அவன் இருக்கச் சொல்லயும்?"

"இருந்திருக்கும்."

அவர் குடத்தைப் பார்த்தார். வலது கையை விரித்து அதையும் பார்த்தார்.

"வாணாம் வாணாம்பான். நான்தான் வாயத் தொறந்து ஊத்துனேன்."

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். இதுவரை அவரை முறை வைத்துக் கூப்பிட்டதில்லை. "அக்கா, தெரியாம செஞ்சது எதுவும் தப்பாகாது. மனச விட்றாதீங்க" என்றேன்.

"நீங்களாவது உண்மையச் சொன்னீங்களே சார்" என்று இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டார். பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.